என்.பி.ஏ. ஆட்டக்காரர்களையும் டிராஃப்ட் தேர்வுகளையும் எடைபோடுவது எப்படி: வாதிடும் ரசிகர்களுக்கான முழுமையான வழிகாட்டி

வட அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் ரசிகர்கள் இணையத்தில் நடத்தும் வாதங்களில் பெரும்பாலானவை முடிவு காணாமல் போவதற்கு எண்களின் பற்றாக்குறை காரணமாக இருப்பதில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நூற்றுக்கணக்கான எண்கள் அன்றிரவே கிடைத்துவிடுகின்றன. ஆனால் ஒருவர் 'இந்த சீசனில் தன் அணிக்கு அதிகப் பயன் தந்தவர் யார்' என்ற கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருக்க, எதிரில் இருப்பவர் 'வாழ்நாள் சாதனையில் பெரியவர் யார்' என்ற கேள்விக்கும், மூன்றாமவர் 'கடைசி நிமிடத்தில் பந்தை யாரிடம் கொடுக்கலாம்' என்ற கேள்விக்கும் விடை சொல்கிறார்கள். மூவரும் தத்தம் கேள்விக்குச் சரியான விடையையே வைத்திருக்கக்கூடும். ஆயினும் வாதம் நள்ளிரவைத் தாண்டியும் நீளும். கேள்வியை உறுதிசெய்த பிறகு எண்ணைத் தேடுவது எப்படி, ஆட்டக்காரரின் செயல்பாட்டையும், டிராஃப்டில், அதாவது புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் நிகழ்வில், செய்யும் தேர்வையும் எந்த அளவுகோல்களால் அளப்பது என்பவற்றை இந்த வழிகாட்டி படிப்படியாக விளக்குகிறது.

முதற்படி: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

வாதத்தைத் தொடங்கும் முன், நீங்கள் நிறுவ விரும்புவதை ஒரு வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதில் காலவரம்பு, ஒப்பிடப்படுபவர்கள், எதில் ஒப்பிடுகிறீர்கள் என்பது ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். 'கரி சிறந்த ஷூட்டர்' என்பது வாதத்துக்கு உகந்த வாக்கியம் ஆகாது. '2015-16 சீசனில், ஒரு ஷாட் முயற்சிக்குக் கிடைத்த புள்ளிகளிலும் ஷாட்டின் கடினத்திலும் ஸ்டீஃபன் கரிக்கு இணையானவர் எவரும் இல்லை' என்று எழுதினால், அதை ஏற்கவோ மறுக்கவோ எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்பது தானாகவே தெளிவாகிவிடும். எழுதிய வாக்கியத்தை வாதத்தின் நடுவில் மாற்றக் கூடாது. மாற்ற நேர்ந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு மாற்ற வேண்டும்.

இரண்டாம் படி: எத்தனை புள்ளிகள் என்று கேட்டதும், எத்தனை வாய்ப்புகளில் என்றும் கேளுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும் என்று கருதுகிறேன்; ரசிகர்களின் வாதங்களில் மிகுதியாகப் பிழை நேர்வது இங்கேதான்.

ஆட்டத்துக்குச் சராசரி புள்ளிகள் என்ற எண் ஒருவர் எவ்வளவு சேர்த்தார் என்பதை மட்டுமே சொல்லும். அதற்காக அணியின் வாய்ப்புகளில் எத்தனையைச் செலவிட்டார் என்பதைச் சொல்லாது. ஷாட் சதவீதமும் முழுமையானதன்று. அது இரண்டு புள்ளி ஷாட்டையும் மூன்று புள்ளி ஷாட்டையும் ஒன்றாகவே எண்ணுகிறது, ஃப்ரீ த்ரோவை, அதாவது எதிரணியின் விதிமீறலுக்காக (ஃபவுல்) தடுப்பின்றி எறியக் கிடைக்கும் ஒரு புள்ளி எறிதலை, கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இக்குறையைப் போக்க உருவானதுதான் 'ட்ரூ ஷூட்டிங்' என்னும் அளவு. ஷாட் முயற்சிகளோடு ஃப்ரீ த்ரோ முயற்சிகளின் 0.44 மடங்கைக் கூட்டி, அந்தத் தொகையை இரட்டித்து, எடுத்த புள்ளிகளை அதனால் வகுத்தால் அது கிடைக்கும். 0.44 என்ற பெருக்கெண்ணுக்குக் காரணம் உண்டு: ஃப்ரீ த்ரோக்கள் எல்லாமே இரண்டிரண்டாக வந்து ஒரு தாக்குதல் வாய்ப்பை முடிப்பதில்லை. விழுந்த ஷாட்டின் மீது கிடைக்கும் கூடுதல் எறிதல், டெக்னிக்கல் ஃபவுலுக்குக் கிடைப்பது, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நேர்ந்த ஃபவுலுக்கான மூன்று எறிதல்கள் ஆகியவற்றைச் சராசரியாகச் சேர்த்துக்கொள்வதற்கே 0.5க்குப் பதிலாக 0.44 பயன்படுகிறது.

கோபி பிரயன்டின் புகழ்பெற்ற இரண்டு ஆட்டங்களை இந்த அளவால் பார்ப்போம். 2006 ஜனவரி 22 அன்று டொரான்டோவுக்கு எதிராக அவர் 81 புள்ளிகள் எடுத்தார். 46 ஷாட்களில் 28, 20 ஃப்ரீ த்ரோக்களில் 18 விழுந்தன. 2016 ஏப்ரல் 13 அன்று யூட்டாவுக்கு எதிரான தம் இறுதி ஆட்டத்தில் 60 புள்ளிகள் எடுத்தார். 50 ஷாட்களில் 22, 12 ஃப்ரீ த்ரோக்களில் 10 விழுந்தன. முதல் ஆட்டத்தில் அவர் செலவிட்ட வாய்ப்புகள் மேற்கண்ட கணக்கின்படி 54.8, இரண்டாவதில் 55.3. வாய்ப்புகள் ஏறத்தாழச் சமமாக இருந்தும் புள்ளிகளில் 21 வேறுபாடு. ட்ரூ ஷூட்டிங் முறையே 73.9 சதவீதமும் 54.3 சதவீதமும் ஆகும். 60 புள்ளிகள் என்ற எண் மலைக்க வைத்தாலும், அந்த இரவின் திறன் அந்த சீசனின் லீக் சராசரியை ஒட்டியதே. அதற்காக அந்த ஆட்டத்தின் உணர்ச்சி மதிப்பை எவரும் குறைக்க வேண்டியதில்லை; 'மிகச் சிறந்த ஷூட்டிங் ஆட்டங்கள்' என்ற பட்டியலில் அதைச் சேர்ப்பதை மட்டும் எண்கள் அனுமதிப்பதில்லை. 1962 மார்ச் 2 அன்று வில்ட் சேம்பர்லேன் எடுத்த 100 புள்ளிகளையும் இதே முறையில் கணக்கிடலாம். 63 ஷாட்களில் 36, 32 ஃப்ரீ த்ரோக்களில் 28. ட்ரூ ஷூட்டிங் 64.9 சதவீதம். மொத்தத்தில் வில்ட் முந்துகிறார், ஒரு வாய்ப்புக்கான பயனில் கோபியின் 81 முந்துகிறது. உங்கள் வாக்கியம் எதைப் பற்றியதோ, அதற்கேற்பவே விடை அமையும்.

திறனை மட்டும் பார்ப்பதும் அதே அளவுக்குத் தவறான இடத்தில் கொண்டுபோய்விடும். 2012-13 முதல் 2016-17 வரை தொடர்ந்து ஐந்து சீசன்களில் ஷாட் சதவீதத்தில் லீக்கின் முதலிடம் டிஆண்ட்ரே ஜார்டனுடையது. அவருடைய ஷாட்களில் பெரும்பாலானவை பிறர் ஊட்டிய பந்தை வளையத்துக்கு அருகிலிருந்தே இறக்கியவை. ஃப்ரீ த்ரோவில் அவரது வாழ்நாள் சதவீதம் ஐம்பதைத் தொடவில்லை. கரியோ 2015-16 சீசனில் 402 மூன்று புள்ளி ஷாட்களை விழச்செய்து, ஆட்டத்துக்கு 30.1 புள்ளிகள் எடுத்தார். அவர் ஷாட் சதவீதம் 50ஐச் சற்றே தாண்டியது. தற்காப்பு முழுவதும் தன்னை நோக்கித் திரும்பியிருக்கும் நிலையில், பந்தைத் தானே உருவாக்கிக்கொண்டு எறிபவரின் 50 சதவீதத்தையும், பிறர் உருவாக்கிய வாய்ப்பை முடித்துவைப்பவரின் 70 சதவீதத்தையும் ஒரே தராசில் வைப்பது அறியாமையாகும். ஆகவே ட்ரூ ஷூட்டிங்கைச் சொல்லும்போதெல்லாம், 'யூசேஜ் ரேட்' எனப்படும் அளவையும், அதாவது ஆட்டக்காரர் களத்தில் இருக்கையில் அணியின் தாக்குதல்களில் எத்தனை சதவீதம் அவர் கையில் முடிந்தன என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒருவரின் பங்கு கூடக் கூட, எளிய ஷாட்கள் தீர்ந்து கடினமானவையே மிஞ்சும் என்பதால், திறன் குறைவதே இயல்பு. பங்கு உயர்ந்தும் திறன் குறையாதவர்களையே தாக்குதலின் உச்சத்தில் வைக்க வேண்டும்.

மூன்றாம் படி: காலத்தைச் சரிசெய்யுங்கள்

ஆஸ்கர் ராபர்ட்சன் 1961-62 சீசனில் 30.8 புள்ளிகள், 12.5 ரீபவுண்ட்கள் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடித்தல்), 11.4 அசிஸ்ட்கள் (சக ஆட்டக்காரரின் ஷாட் விழ உதவிய பாஸ்) என்ற சராசரியை எட்டினார். ரசல் வெஸ்ட்புரூக் 2016-17 சீசனில் 31.6 புள்ளிகள், 10.7 ரீபவுண்ட்கள், 10.4 அசிஸ்ட்கள் என்ற சராசரியை எட்டி, அந்த ஆண்டின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான எம்.வி.பி. விருதையும் பெற்றார். எண்களை அப்படியே வைத்தால் இருவரும் சமம் போலத் தோன்றும். ஆனால் ராபர்ட்சனின் காலத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் 100க்கும் மேற்பட்ட ஷாட்களை எறிந்தது. வெஸ்ட்புரூக்கின் சீசனில் அது சுமார் 85. ஷாட்கள் அதிகம், தவறியவையும் அதிகம் என்றால் பிடிக்கக் கிடைக்கும் ரீபவுண்ட்களும் அதிகம். அதே வேளையில், அன்று அசிஸ்ட் வழங்குவதில் புள்ளிப் பதிவாளர்கள் இன்றைவிடக் கண்டிப்பாக இருந்தனர் என்பதையும் மறக்கக் கூடாது. வெவ்வேறு காலத்தவரை ஒப்பிடும்போது 100 பொசஷன்களுக்கு (தாக்குதல் வாய்ப்புகளுக்கு) எவ்வளவு என்றோ, கிடைத்த ரீபவுண்ட்களில் எத்தனை சதவீதம் என்றோ மாற்றிக்கொண்டு பேசுவதே முறை.

ஸ்டீல் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறித்தல்), பிளாக் (எறிந்த ஷாட்டைத் தடுத்தல்) ஆகியவை 1973-74 சீசனிலிருந்துதான் பதிவாகின்றன. மூன்று புள்ளிக் கோடு 1979-80இல் வந்தது. அதற்கு முன்பே ஆடி முடித்த பில் ரசலின் பிளாக் எண்ணிக்கையை எவரேனும் துல்லியமாகச் சொன்னால், அது அதிகாரபூர்வப் பதிவிலிருந்து வந்ததாக இருக்க முடியாது.

நான்காம் படி: அந்த எண்ணுக்கு எவ்வளவு எடை உண்டு என்று பாருங்கள்

சீசனின் தொடக்க வாரங்களான நவம்பர் மாத வாதங்களில் பாதி, இந்தப் படியைத் தாண்டினாலே மறைந்துவிடும். உண்மையில் 36 சதவீதத் திறனுள்ள ஒருவர் 100 மூன்று புள்ளி ஷாட்களை எறிந்தால், தற்செயலின் விளைவாக மட்டுமே அவற்றில் 27 முதல் 45 வரை எத்தனை வேண்டுமானாலும் விழலாம். 400 ஷாட்களுக்குப் பிறகுகூட 31 சதவீதத்துக்கும் 41 சதவீதத்துக்கும் இடையிலான எதையும் வியப்புக்குரியதாகக் கருத முடியாது. ஆகவே, முதல் இருபது ஆட்டங்களில் ஒருவர் 43 சதவீதம் எறிகிறார் என்பதால் அவர் ஷாட் மாறிவிட்டது என்று முடிவு கட்ட இடமில்லை. மாற்றம் உண்மையானதா என்பதை அறிய, தற்செயலால் எளிதில் தடுமாறாத எண்களைப் பார்க்க வேண்டும்: எத்தனை முறை எறிகிறார், எங்கிருந்து எறிகிறார், ஃப்ரீ த்ரோ சதவீதம் என்ன என்பன. கல்லூரி ஆட்டக்காரரின் எதிர்கால ஷூட்டிங்கைக் கணிக்க முனைவோர், அவரது சொற்பமான மூன்று புள்ளி ஷாட்களின் சதவீதத்தோடு நிற்காமல், ஃப்ரீ த்ரோ சதவீதத்தையும் கூர்ந்து பார்ப்பதற்குக் காரணம் இதுவே. அங்கே தற்காப்பு இல்லை, தூரம் மாறுவதில்லை, எறியும் கையின் இயல்பு தெரிகிறது.

ஐந்தாம் படி: தற்காப்பைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துங்கள்

தாக்குதலை அளக்கும் அளவுக்குத் தற்காப்பை அளக்கும் கருவிகள் இன்னும் வளரவில்லை. ஸ்டீலும் பிளாக்கும் கண்ணுக்குத் தெரியும் நிகழ்வுகள். எதிராளியை ஷாட் எடுக்கவே தோன்றாத இடத்தில் நிறுத்திவைப்பது எந்தப் பட்டியலிலும் ஏறாது. ஷேன் பேட்டியர் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் எதிலும் தனித்துத் தெரியாத அவர், எதிரணியின் தலைசிறந்த ஆட்டக்காரரை அவருக்குப் பிடிக்காத இடங்களுக்குத் தள்ளுவதில் வல்லவராக இருந்தார். பின்னர் மயாமி அணியோடு 2012, 2013 ஆகிய ஆண்டுகளில் பட்டமும் வென்றார்.

பிளஸ் மைனஸ் என்ற அளவு இந்த இடைவெளியை நிரப்ப முயல்கிறது. ஒருவர் களத்தில் இருந்தபோது அணி எதிரணியைவிட எத்தனை புள்ளிகள் கூடுதலாக எடுத்தது என்பதே அது. ஓர் ஆட்டத்தின் பிளஸ் மைனஸை ஒரே ஆட்டக்காரரின் பெயரில் எழுதுவது நியாயமாகாது, ஏனெனில் அந்த நேரத்தில் களத்தில் மொத்தம் பத்துப் பேர் இருந்தார்கள். எதிரணியின் மூன்று புள்ளி ஷாட்கள் விழுந்ததும் தவறியதும் பெரும்பாலும் அவர் கையில் இல்லை. உடன் ஆடியவர், எதிர்த்து ஆடியவர் ஆகியோரின் தாக்கத்தைக் கழித்துக் கணக்கிடும் திருத்தப்பட்ட பிளஸ் மைனஸ், பல சீசன்களின் தரவைச் சேர்க்கும்போதுதான் நம்பத் தகுந்ததாகிறது. எண்ணோடு ஆட்டத்தையும் பாருங்கள். பந்தைப் பின்தொடராமல் ஒரு தற்காப்பு ஆட்டக்காரரை மட்டும் ஒரு கால்பகுதி முழுவதும் கவனித்தால், பல அட்டவணைகள் சொல்லாததை அறியலாம்.

ஆறாம் படி: லாட்டரியின் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

டிராஃப்டைப் பற்றிய வாதங்கள் பல, தேர்வு நடப்பதற்கு முன்பே, யாருக்கு முதல் வாய்ப்பு என்பதில் தொடங்கிவிடுகின்றன. டிராஃப்டின் முதல் இடங்கள் எந்த அணிகளுக்கு என்பதைத் தீர்மானிக்கும் குலுக்கலான லாட்டரி 1985இல் தொடங்கியது. 14 பந்துகளிலிருந்து நான்கை எடுத்தால் 1,001 சேர்க்கைகள் உண்டு. ஒன்றை ஒதுக்கிவிட்டு மிச்சமுள்ள 1,000ஐ அணிகளுக்குப் பங்கிடுகிறார்கள். வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்க 2019இல் விதி மாற்றப்பட்டபோது, அதுவரை 25 சதவீதமாக இருந்த, மிக அதிகமாகத் தோற்ற கடைசி அணியின் முதலிட வாய்ப்பு 14 சதவீதமாகக் குறைக்கப்பட்டு, கடைசி மூன்று அணிகளுக்கும் சமமாக வழங்கப்பட்டது. 2025இல் டாலஸ் வெறும் 1.8 சதவீத வாய்ப்போடு முதலிடத்தைப் பெற்று கூப்பர் ஃபிளாக்கைத் தேர்ந்தெடுத்ததும் சூழ்ச்சி என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 1,000 சேர்க்கைகளில் 18 என்பது அரிது, ஆனால் நடக்கக்கூடியது. ஆண்டுதோறும் நடக்கும் ஒரு குலுக்கலில் அரியவையும் என்றேனும் நடந்தே தீரும். சூழ்ச்சி நடந்தது என்பவர், முடிவு அரிதானது என்பதைத் தாண்டி வேறு சான்று காட்டக் கடமைப்பட்டவர்.

ஏழாம் படி: முடிவையும் விளைவையும் பிரித்துப் பாருங்கள்

டிராஃப்ட் தேர்வை எடைபோடும்போது இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன: அந்தத் தேர்வு நல்ல பலன் தந்ததா? அன்றிரவு தெரிந்திருந்தவற்றைக் கொண்டு பார்த்தால், அது நல்ல முடிவா? முதல் கேள்விக்குக் காலம் விடை சொல்லிவிடும். வாதிடத் தகுந்தது இரண்டாவது கேள்வியே.

போர்ட்லாந்து அணியின் இரண்டு தேர்வுகளை ரசிகர்கள் வழக்கமாக ஒரே மூச்சில் பழிக்கிறார்கள்; இரண்டும் வெவ்வேறு வகையைச் சேர்ந்தவை என்பது என் உறுதியான கருத்து. 1984இல் அந்த அணி இரண்டாம் இடத்தில் சாம் பூவியைத் தேர்ந்தெடுத்தது, மூன்றாம் இடத்தில் சிகாகோ மைக்கேல் ஜார்டனை எடுத்துக்கொண்டது. பூவி கால் எலும்புக் காயத்தால் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் இரண்டு முழு சீசன்களை இழந்தவர் என்பது அன்று அனைவருக்கும் தெரியும். ஜார்டன் ஆடும் இடத்தில் முந்தைய ஆண்டே எடுத்த கிளைட் டிரெக்ஸ்லர் இருக்கிறார், அணிக்குத் தேவை வளையத்தருகே ஆடும் உயரமான சென்டர் என்பதே அவர்கள் காட்டிய காரணம். ஆக, தெரிந்தே ஏற்ற ஆபத்து ஒன்று, காலியிடத்தை நிரப்பும் அவசரம் மற்றொன்று. 2007இல் அதே அணி கெவின் டுரன்டுக்கு முன்பாக கிரெக் ஓடனை முதலிடத்தில் எடுத்தபோது, பார்வையாளர்களில் பெரும்பாலோர் அதையே சரியெனக் கருதினர். அந்த ஆண்டு செப்டம்பரில் ஓடனுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது, முதல் சீசன் முழுவதும் போயிற்று. போர்ட்லாந்துக்காக அவர் ஆடியவை மொத்தம் 82 ஆட்டங்களே. முதலாவதை முடிவின் பிழை என்பேன், இரண்டாவதைப் பெரும்பாலும் நல்லூழ் இன்மை என்பேன். 1984இல் ஜார்டனை விட்டுவிட்டு ஹக்கீம் ஒலாஜுவானை எடுத்த ஹூஸ்டனை எவரும் குறைசொல்வதில்லை என்பதையும் கவனியுங்கள். 1994, 1995 பட்டங்கள் அவர்களுக்கு வந்து சேர்ந்தன.

காலியிடத்தை நிரப்பும் அதே நோய் 2003இல் டெட்ராய்ட்டையும் பிடித்தது. 'ஸ்மால் ஃபார்வர்ட்' என்ற ஆட்ட இடத்தில் டேஷான் பிரின்ஸ் இருக்கிறார் என்ற எண்ணத்தில், இரண்டாம் இடத்தில் கார்மெலோ ஆன்டனியை விட்டு டார்கோ மிலிசிச்சை எடுத்தார்கள். அடுத்த மூன்று இடங்களில் ஆன்டனி, கிறிஸ் போஷ், டுவைன் வேட் சென்றார்கள். டெட்ராய்ட் மறு ஆண்டே பட்டம் வென்றது. அதனால் அந்தத் தேர்வு சரியாகிவிடாது, அந்தத் தேர்வால் அணி அழிந்தது என்பதும் உண்மையாகாது. முதல் சில இடங்களில் தேவையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், திறமையைப் பாருங்கள் என்ற வாதத்துக்கு 1984, 2003 ஆகிய இந்த இரண்டு டிராஃப்ட்களைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

லூகா டான்சிச்சைப் பற்றிய வாதத்திலும் இந்த அளவுகோலைப் பயன்படுத்துங்கள். 2018 டிராஃப்டுக்கு முன்பே, 19 வயதில், அவர் ரியல் மாட்ரிட்டோடு ஐரோப்பிய அணிகளின் முதன்மைப் போட்டியான யூரோலீக்கின் பட்டமும் அதன் எம்.வி.பி. விருதும் பெற்றிருந்தார். ஆகவே ஃபீனிக்ஸ் முதலிடத்திலும் சாக்ரமென்டோ இரண்டாமிடத்திலும் அவரைத் தாண்டிச் சென்றதை அன்றைய தகவல்களைக் கொண்டே கண்டிக்கலாம். நிகோலா யோகிச்சைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. 2014இல் 41ஆம் இடம் வரை அவரை எவரும் எடுக்கவில்லை. அவரைக் கடைசியில் எடுத்த டென்வரே அதே இரவில் 16ஆம் இடத்துத் தேர்வான யூசுஃப் நுர்கிச் என்ற மற்றொரு சென்டரைப் பெற்றுக்கொண்டது. யோகிச் மூன்று முறை எம்.வி.பி. ஆவார் என்று டென்வர் அறிந்திருந்தால் 41 வரை காத்திருக்குமா? அந்தத் தேர்வுக்குப் பாராட்டு உரியது. தீர்க்கதரிசனம் என்ற பட்டம் உரியதன்று.

மேலும் இரண்டு எச்சரிக்கைகள். ஒரு தேர்வை, அதற்கு முன்பே எடுக்கப்பட்டவர்களோடு ஒப்பிடாதீர்கள். அவர்கள் அந்த அணிக்குக் கிடைக்கக்கூடியவர்களாகவே இல்லை. பின்னால் எடுக்கப்பட்டவர்களில் மிகச் சிறந்த ஒருவரை மட்டும் பொறுக்கி எடுத்து ஒப்பிடுவதும் கூடாது. அப்படிப் பார்த்தால் ஏறத்தாழ ஒவ்வொரு தேர்வும் தோல்வியாகவே தெரியும். அந்த இடத்தில் எடுக்கப்படுபவர் வழக்கமாக எந்த அளவுக்கு வளர்வார் என்பதே நேர்மையான அளவுகோல்.

எட்டாம் படி: வயதையும் காலக்கெடுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

2013 டிராஃப்டில் மைக்கேல் கார்ட்டர் வில்லியம்ஸ் 11ஆம் இடத்திலும் யானிஸ் ஆண்டெடகூம்போ 15ஆம் இடத்திலும் எடுக்கப்பட்டனர். கார்ட்டர் வில்லியம்ஸ் தம் முதல் ஆட்டத்திலேயே மயாமிக்கு எதிராக 22 புள்ளிகள், 12 அசிஸ்ட்கள், 9 ஸ்டீல்கள் எடுத்து, 16.7 புள்ளிச் சராசரியோடு அந்த ஆண்டின் சிறந்த ரூக்கி (முதல் சீசன் ஆட்டக்காரர்) விருதையும் வென்றார். யானிஸின் முதல் சீசன் சராசரி 6.8 புள்ளிகள். அன்று அந்தச் சராசரிகளோடு நின்றுவிட்டவர்கள் வேறு சில எண்களைக் கவனிக்கத் தவறினார்கள்: கார்ட்டர் வில்லியம்ஸின் ஷாட் சதவீதம் சுமார் 40, மூன்று புள்ளி சதவீதம் சுமார் 26, இருவருக்கும் வயதில் மூன்று ஆண்டு இடைவெளி, யானிஸ் சீசனைத் தொடங்கும்போது 18 வயதினர். 2015 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியா தன் விருது பெற்ற ரூக்கியை விட்டுக்கொடுத்தது. அவர் சென்று சேர்ந்தது யானிஸ் ஆடிய மில்வாக்கி அணியில். யானிஸ் 2019, 2020 ஆகிய ஆண்டுகளில் எம்.வி.பி. ஆனார். 18 வயதினரின் 6.8 சராசரியையும் 22 வயதினரின் 16.7 சராசரியையும் ஒப்பிடும்போது, வளர இன்னும் எவ்வளவு இடமிருக்கிறது என்பதையும் அந்தக் கணக்கில் எழுத வேண்டும்.

ஒன்பதாம் படி: கணிப்பை முன்பே எழுதி வையுங்கள்

டிராஃப்டுக்கு முதல் நாள் உங்கள் வரிசையை, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரிக் காரணத்தோடும், எது நடந்தால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள் என்ற குறிப்போடும் எழுதித் தேதியிட்டு வையுங்கள். அந்தத் தாள் இல்லாதவருக்கு, 'இதை நான் அப்போதே சொன்னேன்' என்று கூறும் உரிமை இல்லை. விமர்சனம் ஆட்டத்தோடு நிற்க வேண்டும். பத்தொன்பது வயது இளைஞனின் உடலையும் குடும்பத்தையும் மன உறுதியையும் இழிவுபடுத்தும் சொற்கள் வாதத்துக்கு எந்தத் தகவலையும் சேர்ப்பதில்லை, அவை அவன் கண்ணில் படவும் செய்கின்றன.

எழுதியதை எப்போது திறந்து பார்ப்பது என்பதற்கு லீக்கின் ஒப்பந்த விதிகளே நல்ல காலக்கெடுவைத் தருகின்றன. முதல் சுற்றில் எடுக்கப்பட்டவருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் உறுதி. மூன்றாம், நான்காம் ஆண்டுகள் அணியின் விருப்பத்துக்கு உட்பட்டவை. மூன்றாம் ஆண்டுக்கான விருப்பத்தை இரண்டாம் சீசன் தொடங்கும் வேளையில், அக்டோபர் இறுதிக்குள் அணி தெரிவிக்க வேண்டும். அதை அணி மறுத்தால், உங்கள் தாளில் அந்தப் பெயருக்கு எதிரே முதல் குறிப்பை எழுதலாம். மூன்று சீசன்கள் முடிந்ததும் ஒப்பந்தத்தை நீட்டிக்கும் பேச்சு தொடங்கும். ஆட்டக்காரரோடு நாள்தோறும் பயிற்சியில் நிற்பவர்கள் அவருக்கு எவ்வளவு பணம் தர முன்வருகிறார்கள் என்பது அப்போது வெளிப்படும். அந்தத் தொகையை உங்கள் மதிப்பீட்டுக்கு அருகே வைத்து, இரண்டும் எங்கே விலகுகின்றன என்று பார்த்த பிறகே அந்த ஆண்டின் டிராஃப்டைப் பற்றிய உங்கள் தீர்ப்பை எழுதுங்கள்.